மற்ற ஒன்பது பேர் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மிஷனரிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பணித்தளத்திலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்தை மேடையேற்றிக் கமிட்டி கேட்ட முதல் கேள்வி, "இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம்?" அவர் சொன்ன எண் போதவில்லை. அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை.

இதைப் பற்றி அன்றிரவு இரண்டு வரி எழுதினேன். "ஊழியக்காரன் பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது பிரதர்" என்று வரிசையாகப் பதில்கள். சரி, கூடாதுதான். அது ஊழியக்காரன் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அனுப்பிவைத்தவர்கள் நன்றி சொல்லாமல் இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டா?

எல்லாரும் அனுப்பிய வசனம் லூக்கா 17:10, "அப்பிரயோஜனமான ஊழியக்காரர்." கட்டளையிட்டதையெல்லாம் செய்தபின்பும், கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லுங்கள் என்கிற வசனம். அடுத்த வசனத்திலேயே பத்துக் குஷ்டரோகிகளின் சம்பவம் தொடங்குகிறது. பத்துப் பேரும் சுகமாகிறார்கள், நன்றி சொல்ல ஒருவன்தான் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்கிறார். பத்தாம் வசனத்தோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

நானும் ஒரு மிஷனரிதான். எங்கள் பணித்தளத்தில் ஒரு பாட்டியின் கால் புண்ணுக்கு என் மனைவிதான் தினமும் மருந்து வைத்துக் கட்டினாள். புண் ஆறியதும் அவர் மகன் எங்களை வாசலில் நிற்கக்கூட விடவில்லை. வலித்தது. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எங்களைக் கூப்பிடவில்லை, நாங்களாகப் போனோம். கைவைத்து ஜெபித்து அனுப்பிய சபை அப்படியா?

"காணிக்கை கொடுக்கிறோம், கணக்குக் கேட்கக் கூடாதா?" கேளுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் கேளுங்கள். மனம் மாறுவதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில். பர்மாவுக்கு 1813இல் போன அமெரிக்க மிஷனரி ஜட்சன் முதல் ஞானஸ்நானத்துக்கு ஆறு வருஷம் காத்திருந்தார். இவர்களை மேடையில் புகழ்கிற அதே வாய்தான் நம் ஆட்களிடம் எண்ணிக்கை கேட்கிறது.

மிஷனரிகளே வேண்டாம் என்பவர்களுக்கு நான் இங்கே பதில் சொல்லப்போவதில்லை. இது வீட்டுக்குள் பேசுகிற பேச்சு.

அப்புறம், மனைவிமார். கேரியைத் தெரிந்த எத்தனை பேருக்கு அவர் மனைவி டாரத்தியைத் தெரியும்? 1794இல் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்து, மனநலம் குலைந்து, 1807இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தவர். அவரும் ஊழியத்துக்குத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரியிடம் மைக்கை யாராவது நீட்டினீர்களா? என் மனைவியிடம் "தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா" என்று சபையில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஜெபக்குறிப்பு ஏன் தாமதம் என்று மட்டும் கேட்கிறீர்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் உங்களைத் தாங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்று ஒருவர் இன்பாக்ஸில் எச்சரித்திருக்கிறார். நிறுத்துவதானால் நிறுத்துங்கள். அந்தக் குடும்பத்தைத் தாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள், எண்ணிக்கை கேட்காமல்.