ஹந்தானை மலைக்குப் போகும் பாதை மன்னாரில் தொடங்குகிறது

விடுமுறை நாட்கள் சேர்ந்து வந்தால், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்து இளைஞர்கள் வான் பிடித்துக்கொண்டு கண்டிப் பக்கம் மலையேறப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். வயல்வெளியிலும் குளக்கட்டிலும் ஓடித் திரிந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, பனிமூட்டம் விலகி ஒரு மலைமுகடு கண்முன் எழுவது எவ்வளவு பெரிய காட்சி என்பதை நான் அறிவேன். கண்டி போன்ற சனம் நெருங்கிய நகரத்திலிருந்து சற்று மேலேறினாலே ஹந்தானையின் புற்சரிவுகளுக்கு வந்துவிடலாம். பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் அந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பதால், அங்கே படித்துவிட்டு வந்த எங்களூர் ஆசிரியர்கள் பலருக்கு அந்த ஒற்றையடிப் பாதைகள் மனப்பாடம். அட்டைக்கடிக்குக் காலுறையில் சவர்க்காரம் பூசவேண்டும், மழைக்காலத்தில் முகட்டில் நிற்கக்கூடாது என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பாதைகள் யாருடைய பாதைகள் என்பதையும் அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலைநாட்டில் இன்று அதிகம் பேசப்படும் நடைபாதை பீக்கோ ட்ரெயில். ஹந்தானையில் தேயிலை நூதனசாலைப் பக்கம் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று பெருஞ்சுற்றுச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட, 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. அதன் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும், சாக்கு மூட்டைகளும் கொழுந்துக் கூடைகளும் போவதற்காகத் தோட்டத் தொழிலாளர் வெட்டிய வழிகள்தாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்கு வரும் நடைப்பயணிகள் அவருடைய பெயரைக் கட்டாயம் கேள்விப்படுவார்கள். அவருடைய தோட்டத்தில் காடு வெட்டியவர்கள், கல் புரட்டியவர்கள், நாற்று நட்டவர்கள் யாருக்கும் அங்கே பெயர் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னும் அதே மலைகளில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்த மக்கள் மலைக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டால், பதில் எங்கள் வன்னிக்குள் வந்து நிற்கிறது. இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணியின் பின்னால் முருங்கன், மடு, செட்டிகுளம் ஆகிய ஊர்களின் காட்டைக் கடந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள். தேயிலைபோல ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிரன்று கோப்பி. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பும் கூட்டமே அப்போது அதிகம். ஆகவே இந்தக் காடு ஒரே கூட்டத்தைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையுமாகக் கண்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுக அவர்களைத் தின்றன. 1841க்கும் 1849க்கும் இடையில் வந்தவர்களில் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டுபோனார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. தோட்டங்களில் இறந்தவர்களும் அக்கணக்கில் உண்டு. வழியில் விழுந்தவர்களுக்கோ புதைகுழி தோண்டக்கூட ஆள் இருந்திராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அந்த நடைவழி மூடப்பட்டது. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்தபின், வந்தவர்கள் அதே காட்டைப் பெட்டிக்குள் இருந்தபடி கடந்தார்கள். முருங்கன், மடு வீதி, செட்டிகுளம் என்ற நிலையப் பெயர்கள் அவர்களுக்கு இலங்கையின் முதற்பெயர்களாக இருந்திருக்கும்.

வன்னிக்கும் அந்த மக்களுக்கும் உள்ள உறவு அத்தோடு முடியவில்லை என்பதை இங்கு இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டவர்களும், 1970களில் தோட்டங்கள் அரசு கையேற்ற காலத்துப் பசியில் மலையை விட்டு இறங்கியவர்களும் இங்கேதான் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியில் எத்தனை ஊர்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். மன்னாரில் இறங்கி நடந்த கதையை எங்கள் அம்மாயி தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர் இருக்கும் குளம் எது என்று வழியில் மாடு மேய்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு நடந்த கதை அது. 2009இல் நாங்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டுச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அதே காட்டின் நடுவே கூடாரம் அடிக்கப்பட்டது. அந்த முள்வேலிக்குள் இருந்தவர்களில் எத்தனை பேருடைய முன்னோர் அந்த மண்ணை மிதித்துக் கடந்தவர்கள் என்பதை அன்று எண்ணிப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான அந்தப் பழைய வழி ஒரு நடைபாதையாக அடையாளமிடப்பட வேண்டும். அது கண்டி வரை நீண்டு ஹந்தானையில் மலைநாட்டுப் பாதையோடு சேரவேண்டும். மலையில் அழகாக அமைந்திருக்கும் அந்தப் பாதை, கதையின் நடுவிலிருந்து தொடங்குகிறது. தொடக்கம் இங்கே இருக்கிறது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதே என் பதில். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், 250 கிலோமீற்றர் அளவிலான தூரத்தை 16 நாட்களில் கடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரோடும் சாப்பாட்டோடும் காத்திருந்தார்கள். நெடுந்தூரம் நடப்பது எங்களுக்குப் புதிதுமன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு மடத்தைத் திறந்துவிடவும் மோர் வார்க்கவும் இங்குள்ள ஊர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நடைபாதைக்கு வேண்டிய மிகக் கடினமான பகுதி, அதாவது வழிப்போக்கனை வரவேற்கும் ஊர், எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கடினங்களையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்–மதவாச்சி வீதி இன்று நீண்ட தார்வீதி. பல இடங்களில் நிழலே கிடையாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் நடை ஆளைச் சுருட்டிப்போடும். செட்டிகுளம், மடுப் பக்கங்களில் யானை உண்டு. பொழுது சாய்ந்தபின் யாரும் நடக்கவே கூடாது. போர் நடந்த காடு என்பதால், கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதி செய்யப்பட்ட வழியைவிட்டு ஓரடிகூட விலகக் கூடாது என்பதை எந்தப் பலகையிலும் முதல் வரியாக எழுதவேண்டும். ஆனால் மாரி ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களில் கட்டுக்கரைக்குளத்து அணைக்கட்டில் நடந்தவர்கள், மலையில் மட்டும்தான் நடக்க இடமிருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். மருதமரங்களின் கீழே ஒருபக்கம் கண்ணுக்கெட்டாத தண்ணீர், மறுபக்கம் நெல் என்று விரியும் அந்த வெளியை ஆறுதலாகப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கே நாங்கள் வழி செய்து கொடுக்கவில்லை. 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட ரயில் பாதை, தொடக்க இடத்துக்குப் போகும் சிக்கலையும் குறைத்திருக்கிறது.

ஒரு மறுப்பை நான் மதிக்கிறேன். செத்தவர்களின் வழியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதா என்று மலையகத்திலிருந்து வந்த ஒரு மூத்தவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. பாதையை அமைப்பவர்கள் விடுதிக்காரர்களாகவும் வான்காரர்களாகவும் மட்டும் இருந்தால், அவர் சொன்னதுதான் நடக்கும். இந்த வழியில் என்ன எழுதவேண்டும், எங்கே கல் நாட்டவேண்டும் என்பதை அந்த வழியே வந்தவர்களின் சந்ததி முடிவு செய்யவேண்டும். நடப்பவர் தரும் காசு வழியோரத்து வீடுகளுக்கும், மலையில் லயத்து வீடுகளுக்கும் போகவேண்டும். இவையிரண்டும் இல்லையென்றால் பாதையே வேண்டாம் என்பதில் நான் அவரோடுதான் நிற்கிறேன். எழுத்து மூன்று மொழிகளிலும் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கதையை அதிகம் கேட்டிராதவர்கள் அதைத் தங்கள் மொழியில் வாசிக்கவேண்டும்.

மலையேறப் போகும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று நாங்கள் இடம் சொல்கிறோமே, அந்த மைல்கட்டைகள் கண்டியிலிருந்து எண்ணப்பட்டவை. உங்கள் வான் மதவாச்சியைத் தாண்டியதிலிருந்து மாத்தளை வரை ஓடுவது ஏறத்தாழ அவர்கள் நடந்த வழியிலேதான். மிகிந்தலையிலோ தம்புள்ளையிலோ தேநீர் குடிக்க நிறுத்தும்போது, உடன் வரும் சின்னவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஹந்தானையில் லயத்தைக் கடந்து போகும்போது படம் எடுப்பதற்கு முன் அங்கிருப்பவர்களோடு பேசுங்கள். முடிந்தால் அவர்கள் வீட்டில் காசு கொடுத்து மதியச் சாப்பாடு கேளுங்கள்.

வருகிற மாசியில் முருங்கனிலிருந்து மடு வரையான பகுதியை நடந்து பார்த்து, கிணறு, மடம், நிழல்மரம், தங்குமிடம் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க நாங்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்குப் பழைய தங்குமடம், பாழ்கிணறு, பெயரில்லாத புதைமேடு ஏதேனும் தெரிந்திருந்தால், அல்லது வழிநடந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்லக்கூடியவர்களாக இருந்தால், கீழே எழுதுங்கள். பெரியவர்களிடம் முதலில் வருகிறோம். நடை அதற்குப் பிறகு.