15 பக்கத்தை 2 பக்கமாக்கியபோது

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படிக்கிறோம். தறி ஓட்டியவர், மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், ரெண்டு காலேஜ் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம். பஞ்சமும் செல்வமும் அறமும் பற்றித் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-ல் வெளியிட்ட கட்டுரையைத் தமிழில் சுருக்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன். மூலம் 15 பக்கம். நான் 2 பக்கத்தில் முடித்தேன். அது தப்பு. தத்துவக் கட்டுரையைச் சுருக்குகிற எல்லோரும் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

அந்தக் கட்டுரை என்றாலே குட்டையில் மூழ்கும் குழந்தைதான். ஆழமில்லாத குட்டை, இறங்கித் தூக்கினால் நம் துணி சேறாகும், அவ்வளவுதான். தூக்காமல் போவோமா? சிங்கர் இதை எழுதியது 1971 நவம்பரில், கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்கதேசம்) சோறும் கூரையும் மருத்துவமும் இல்லாமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது. கண்ணெதிரே இருப்பவர், கண்காணாத தூரத்தில் இருப்பவர் என்பதால் கடமை மாறாது; குட்டையில் இறங்குவதுபோலத்தான் பஞ்சத்தில் சாகிறவர்களுக்குப் பணம் கொடுப்பதும் என்கிறார்.

நம்ம ஊர்க் கதையாக இருக்கட்டுமே என்று முதலில் குட்டையைக் கீழ்பவானி வாய்க்காலாக்கி எழுதினேன். ராத்திரி மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. தண்ணீர் விட்டிருக்கும் நாளில் வாய்க்காலில் குதிக்கிறவன் தன் உயிரையும் பணயம் வைக்கிறான். அப்போது ‘உனக்குப் பெரிய இழப்பில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. வாதம் நிற்பதே அந்த ஒரு இடத்தில்தான். ‘ஆழமில்லாத’ என்ற சொல் போனால் எல்லாம் போச்சு. முழங்கால் தண்ணீரும் எருமை கலக்கிய சேறுமாக நம் குட்டையே போதும் என்று திருத்தினேன்.

திருத்தாமல் விட்டது வேறொன்று. கூட்டத்தில் படித்து முடித்ததும் தறிக்கார ஐயா கேட்டார்: “ஏனுங் தம்பி, அப்படீன்னா என்ற பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்டறதும் தப்புங்களா?”

கேள்வி முற்றிலும் நியாயமானது. பதில் சொல்வதற்கான இடம் கட்டுரையிலேயே இருக்கிறது. தன் கொள்கையைச் சிங்கர் ரெண்டு விதமாக வைக்கிறார். அதே அளவு முக்கியமான ஒன்றை இழக்காமல் ஒரு கேட்டைத் தடுக்க முடிந்தால் தடுத்தாக வேண்டும் என்பது கடுமையானது. அறநோக்கில் பொருட்படுத்தத்தக்க எதையும் இழக்காமல் முடிந்தால் போதும் என்பது தளர்ந்தது. பேத்தியின் படிப்பு பொருட்படுத்தத்தக்கது என்றால், தளர்ந்த விதி அதில் கைவைக்காது. கடுமையான விதியிலோ ஓர் உயிரையும் அந்தப் படிப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். சிங்கருக்குக் கடுமையானதுதான் சரி; ஆனால் தளர்ந்ததை ஏற்றாலே நம் வாழ்க்கை நிறைய மாறும் என்கிறார். இந்த ரெண்டையும் நான் ஒரே வாக்கியமாகக் கலந்து, ‘முடிந்தவரை உதவ வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். அதைச் சொல்லச் சிங்கர் எதற்கு?

பவணந்தியாரைச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் உரிமையோடு சொல்வோம். நன்னூலில் அவர் சொல்லும் பத்து அழகில் முதல் அழகு சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றத்தில் முதல் குற்றம் குன்றக் கூறல், அதாவது வேண்டியதை விட்டுவிட்டுக் குறைவாகச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஐயா கேட்ட அன்றைக்குத்தான் புரிந்தது.

எதை எடுக்கலாம் என்றால், மனசு வலித்தாலும் கணக்குகளை எடுக்கலாம். கிழக்கு வங்காள அகதிகளுக்குப் பிரிட்டன் அதுவரை கொடுத்தது 1 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு, பிரான்சோடு சேர்ந்து உருவாக்கிய கான்கார்ட் விமானத்தில் அதன் பங்காகப் போட்டுத் திரும்பாத பணம் 27 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் என்று சிங்கர் காட்டுகிறார். அருமையான ஒப்பீடு, ஆனால் அது இல்லாமலும் வாதம் நிற்கும். மறுப்புகளை எடுக்கக் கூடாது. ‘எல்லோரும் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தால் போதுமே, நான் மட்டும் ஏன் அதிகம் கொடுக்கணும்?’ என்பதை அவரே எழுப்பி, எல்லோரும் கொடுக்கவில்லையே என்று பதில் சொல்கிறார். ‘அது அரசாங்கத்தின் வேலை’ என்பதற்கும் பதில் உண்டு. படிக்கிறவர் மனசில் எழும் கேள்விகள் இவைதான். இவற்றை வெட்டிவிட்டு முடிவை மட்டும் கையில் கொடுத்தால் அவர் நம்பவேண்டும் அல்லது தள்ளவேண்டும், யோசிக்க இடமில்லை.

மறுபடி எழுதினேன். இப்போது 5 பக்கம். இந்த மாதம் ஐயா பென்சிலோடு வந்தார். ‘அதே அளவு முக்கியமான’ என்ற இடத்தில் கோடு போட்டு, “இதை யாருங் அளக்கறது?” என்று கேட்டார். ராத்திரி ஒன்பது மணி வரை பேசியும் முடியவில்லை. அடுத்த மாதமும் அதே பக்கம்தான்.