சார்ஜ் என்ற ஒரு சொல், மூன்று வரிப் பலகை, தமிழ்மீது விழுந்த பழி

அந்தப் பலகைப் படத்தை இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்து முடித்துவிட்டீர்கள். மின்வண்டிக்குச் சார்ஜ் போடும் இடத்தில் “கட்டண நிலையம்” என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் வரியில் “கட்டணங்கள்”. மூன்றாம் வரியில் ஒரு தொலைபேசி எண், அதற்கு முன்னால் “நிலையக் கட்டணம்”. அங்கே இன்சார்ஜாக இருப்பவரின் எண் அது. மூன்று வரியிலும் ஆங்கிலத்தில் ஒரே சொல், மூன்று பொருள். தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் கீழே வந்த கருத்துகள்தான் மனதை அறுக்கின்றன. “தமிழில் இதற்கெல்லாம் சொல் கிடையாது, சார்ஜ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே” என்று நன்கு படித்தவர்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகையில் தவறு செய்தது தமிழ் அல்ல. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும் என்று நினைத்த வேலைமுறை செய்த தவறு அது.

சார்ஜ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லத்தீனில் ‘கர்ரஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. கார், கார்கோ, கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் காரிகேச்சர் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. ஆக, அடிப்படைப் பொருள் பாரம் ஏற்றுவது. ஒருவர் தலையில் பணச்சுமையை ஏற்றினால் கட்டணம். வேலையை ஏற்றினால் பொறுப்பு. பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்தை ஏற்றினாலும் அதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலத்து மின்சார ஆய்வுகளில், கண்ணாடி ஜாடிக்குள் மின்சாரத்தை நிரப்புவதற்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இனி நம் பக்கம் வாருங்கள். குற்றம் *சுமத்துகிறோம்*. வரி *சுமத்துகிறார்கள்*. பொறுப்பு *ஏற்கிறோம்*. பஸ் சார்ஜை *ஏத்திட்டாங்க*. போனில் சார்ஜ் *ஏறுது*, சாயங்காலம் *இறங்கிடுது*. வண்டியில் மூட்டை ஏற்றி இறக்கும் அதே வினைகள்! இதை யாரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. தெருவில் தானாகப் பிறந்த தமிழ். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்ததைத் தமிழ் வினைகளில் பிரித்து வைத்திருக்கிறது. இந்த மொழியைப் பார்த்தா சொல் இல்லை என்கிறீர்கள்?

ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லில் பல பொருள் இருப்பதை யாரும் ஏழ்மை என்று சொல்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் திருத்தப் பதிப்பில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்தார்கள், அதைப் பெருமையாகச் செய்தி போட்டார்கள். நமக்கு 10 பொருளுக்கு 10 சொல் இருந்தால், அது பஞ்சமா?

“பேச்சில் எல்லோரும் சார்ஜ் என்றுதானே சொல்கிறோம்” என்பார்கள். சொல்கிறோம், நானும்தான் சொல்கிறேன். பேச்சில் எதிரே ஆள் நிற்கிறார், கையில் போன் இருக்கிறது, பொருள் தானாக விளங்கும். எழுத்தில் அந்த உதவி இல்லை. அரசு அலுவலகத்தில் “அவருக்கு சார்ஜ் கொடுத்துட்டாங்க” என்று ஒருவர் எழுதினால், கூடுதல் பொறுப்பு கொடுத்தார்களா, தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவில் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்களா? முதலாவது என்றால் வேலை கூடும். இரண்டாவது என்றால் விசாரணை, ஒருவேளை வேலையே போகலாம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பிரிப்பீர்கள்?

“பேட்டரி சார்ஜை மின்னேற்றம் என்று எவன் சொல்வான்” என்பது அடுத்தது. லத்தி சார்ஜ் என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னோம். செய்தித்தாள்கள் ‘தடியடி’ என்று எழுதின. இன்று தமிழ்நாட்டில் தடியடி என்றால் தெரியாத குழந்தை இல்லை. சார்ஜ் ஷீட்டுக்குக் குற்றப்பத்திரிகை என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் இயற்பியலில் ‘ஏற்றம்’ என்றே படிக்கிறார்கள், தமிழ்நாட்டில் ‘மின்னூட்டம்’ என்று படிக்கிறோம். எழுதினால்தான் புழங்கும். எழுதாமலே புழங்கவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

மொழிபெயர்ப்பு இயந்திரம் எல்லாவற்றையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்கிறவர்களுக்கு: கற்கட்டும். நாம் பிழையாக எழுதி வைத்ததையும் சேர்த்துத்தான் கற்கும்.

இப்படிப்பட்ட தவறு எப்படி நடக்கிறது என்று மொழிபெயர்ப்பு வேலைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். செயலி, பலகை, ரசீது எல்லாவற்றின் வாசகங்களும் ஓர் அட்டவணையாக மொழிபெயர்ப்பாளருக்கு வரும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. படம் இருக்காது. எந்தத் திரையில், யாருக்குக் காட்டப்படும் என்று இருக்காது. ‘சார்ஜ்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். அது பெயரா வினையா என்றுகூடத் தெரியாது. யாரோ ஒருவர் ரசீதுக்காக ஒரு முறை ‘கட்டணம்’ என்று மொழிபெயர்த்திருப்பார், அங்கே அது சரி. மொழிபெயர்ப்பு நினைவகம் என்ற மென்பொருள் அதைச் சேமித்துக்கொள்ளும். அடுத்த கோப்பில் பேட்டரிக்காக அதே சொல் வரும்போது, 100 சதவீதப் பொருத்தம் என்று காட்டித் தானாக நிரப்பிவிடும். ஏற்கெனவே நிரம்பிய வரிக்குப் பல இடங்களில் முழுக் கூலி கிடையாது, சில இடங்களில் கூலியே கிடையாது. திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? கூலி சொல் கணக்கில் வருகிறது. ஒற்றைச் சொல்லுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் ஒரு சொல்லின் காசுதான்.

இடத்தின் அளவு வேறு. ‘மின்னேற்றம்’ கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 குறி, ஏனென்றால் புள்ளியையும் துணை எழுத்தையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆங்கில எழுத்துகளை எண்ணி 10 குறிக்குப் பெட்டி கட்டியிருந்தால் கடைசிப் புள்ளி உதிர்ந்து ‘மின்னேற்றம’ என்று நிற்கும். அதையும் தமிழின் குறை என்றே படம் எடுத்துப் போடுவீர்கள்.

சரியாகச் செய்ய வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் பணம். ‘அட்’ வந்தால் பாய்ந்து வருதல். ‘டு’ வந்து பின்னால் கணக்கு வந்தால் பற்று எழுதுதல். ‘வித்’ வந்தால்தான் ஆபத்து. ஆளின் மேல் குற்றமும் சுமத்தலாம், ஒரு வேலையையும் ஒப்படைக்கலாம். அப்போது செயப்படுபொருளைப் பார்க்க வேண்டும். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் அவர் பொறுப்பாளர். நடுவில் ஒரு ‘த’ நுழைந்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ ஆகிவிட்டால் அவர் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறார், தலைகீழ். பன்மையில் வந்து முன்னால் ஓர் ஆயாவோ ஆசிரியரோ நின்றால், அவர் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் என்று பொருள். அதை “ஆசிரியரின் குற்றச்சாட்டுகள்” என்று எழுதியவர்கள் உண்டு. எதுவும் பின்னால் வராத ஒற்றைச் சொல்லா? நிறுத்தி, அந்தச் சொல் வரும் திரையின் படத்தை வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள்.

‘டிஸ்சார்ஜ்’ இன்னும் மோசம். மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்புவது. அணையில் வினாடிக்கு இத்தனை கன அடி திறந்துவிடுவது. பேட்டரியில் மின்னிறக்கம். புண்ணில் சீழ்க் கசிவு. நீதிமன்றத்தில் விடுவிப்பு. அந்த விடுவிப்பை ‘விடுதலை’ என்று எழுதுகிறார்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகு, நீதிபதி பார்த்து, முகாந்திரம் இருந்தால்தான் குற்றச்சாட்டு வனைவார். முகாந்திரம் இல்லை என்றால் அப்போதே வழக்கிலிருந்து விடுவிப்பார். விசாரணை முழுதும் நடந்து குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் போனால்தான் விடுதலை. குற்றப்பத்திரிகையும் வனையப்பட்ட குற்றச்சாட்டும் ஒன்றல்ல, விடுவிப்பும் விடுதலையும் ஒன்றல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்று நம் நீதிமன்றத் தமிழில் எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! குயவர் பானை வனைவதுபோல, உருக் கொடுப்பது. இதை விட்டுவிட்டு ‘சார்ஜ் ஃப்ரேம்’ என்று எழுதச் சொல்கிறீர்களே.

தெரிந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற எழுத்தர். வாழ்நாளில் ஒரு மெமோ வாங்காதவர். அவர் போனில் ஒரு செயலியிலிருந்து செய்தி வந்தது: “உங்கள் கணக்கின் மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளது”. சந்தாத் தொகை கழிக்கப்பட்டது என்பதுதான் விஷயம். மனிதர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை. மகளிடம் தயங்கித் தயங்கிப் போனை நீட்டியபோது கை நடுங்கியதாம். இதைக் கேட்டால் சிரிப்பு வருமா? அவர் ஆங்கிலம் அறிந்தவர்தான். தமிழில் வந்தால் நன்றாகப் புரியுமே என்று நம்பித் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தார். இப்போது மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்.

நீங்கள் சிரித்த படத்துக்குக் கீழே நான் எழுத நினைத்தது இவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது போய் இந்த மூன்று வரியைக் கொடுங்கள். பெயின்ட் செலவைத் தவிர வேறு செலவில்லை:

மின்வண்டி மின்னேற்ற நிலையம்
கட்டணம், ஒரு யூனிட்டுக்கு
நிலையப் பொறுப்பாளர் தொலைபேசி