விடை நாளைக்காம், கேள்வியைச் சரியாப் போடுறது எப்பவாம்?

சுடோகு எண்டால் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம்: ஒவ்வொரு குறுக்கு நிரையிலயும், நெடுக்கு நிரலிலயும், மூண்டுக்கு மூண்டு பெட்டியிலயும் 1 தொடக்கம் 9 வரை ஒவ்வொண்டும் ஒருக்கா மட்டும் வரவேணும். ஒரு சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கவேணும். இது என்ர ஆசை இல்லை, அந்த விளையாட்டே அதிலதான் நிக்குது. இது விளங்காத ஆக்கள்தான் இப்ப பேப்பரில புதிர்ப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாங்கள்.

இந்தக் கிழமை வந்த ஒண்டைச் சொல்லுறன். வெயில் ஏறும்வரைக்கும் மினக்கெட்டு நிரப்பினால் கடைசியில நாலு கட்டம் மிச்சம். முதலாம் நிரையும் மூண்டாம் நிரையும், ரெண்டாம் நிரலையும் எட்டாம் நிரலையும் சந்திக்கிற நாலு மூலை. போட மிச்சம் இருக்கிறது 3உம் 7உம். மேல 3, 7, கீழ 7, 3 எண்டு போட்டாலும் சரி. தலைகீழாத் திருப்பிப் போட்டாலும் சரி. நிரை இடிக்காது, நிரல் இடிக்காது, பெட்டியும் இடிக்காது. அந்த நாலில ஒண்டு கேள்வியிலயே அச்சாகியிருக்கவேணும். விட்டிட்டாங்கள். அடுத்த நாள் விடை எண்டு ரெண்டில ஒண்டைப் போட்டுவிட்டு ஆள் மாறிட்டார். மற்ற மாதிரிப் போட்ட சனம் எல்லாம் பிழையாம்!

எனக்குக் கோபம் அந்த நாலு கட்டத்தில இல்லை. கச்சேரிப் பக்கம் தேத்தண்ணிக் கடையில காலமை வந்து இருக்கிற ஆக்களைப் பாருங்கோ. முக்கால்வாசி பென்சன்காரர். ஒரு பேப்பர், ஒரு பிளேன்டீ, காதுக்குப் பின்னால பென்சில். அதில கணக்குப் படிப்பிச்ச வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். றப்பரால அழிச்சு அழிச்சுப் பேப்பர் ஓட்டையாப் போனபிறகு, "தம்பி, எனக்கு மறதி வந்திட்டுது போல"ன்னு சொல்லுறார். அந்த மனிசனுக்கு ஒரு மறதியும் இல்லை! அவர் போட்டது முழுக்கச் சரி. கொழும்பில எவனோ ஒருத்தன் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினதுக்கு, இஞ்ச திருகோணமலையில ஒரு வயசான மனிசன் தன்ர மூளையைச் சந்தேகப்படுறார். இதைப் போய்ச் சின்னப் பிழை எண்டு சொல்லாதீங்கோ.

காரியாலயத்துக்குப் போன் எடுத்துக் கேட்டன். "அது வெளியில இருந்து வாறது, நாங்க அப்படியே போடுறம்" எண்டு ஒரு தங்கச்சி சொல்லுறா. அவவில குறை இல்லை. ஆனா அப்படியே போடுறதுக்கு ஆசிரியர் குழு எதுக்கு?

பார்க்கிறது கஷ்டமான வேலையா? 1984இல யப்பானில நிக்கோலி சஞ்சிகைக்காரர் சுடோகு போடத் தொடங்கின காலத்தில கஷ்டம், விளங்குது. கையால செய்யவேணும், கையாலயே சோதிக்கவேணும். ஹொங்கொங்கில நீதிபதியா இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட் வருசக்கணக்கா இருந்து சுடோகு செய்யிற கம்பியூட்டர் புரோகிராம் எழுதி, 2004 நவம்பரில லண்டன் டைம்ஸ் பேப்பருக்குப் புதிர் குடுக்கத் தொடங்கினார். அதுக்குப் பிறகும் சாட்டுச் சொல்ல ஏலுமா? இப்ப ஒரு சாதாரண போனே, ஒரு புதிருக்கு ரெண்டாவது விடை இருக்கா இல்லையா எண்டு கண்மூடி முழிக்க முன்னம் சொல்லிப்போடும்.

போன் வேண்டாம், விரல் விட்டு எண்ணுங்கோ. தந்த எண்கள் 17க்குக் குறைவெண்டால் அந்தப் புதிர் குப்பை. 16 எண்ணோட ஒரே விடை வாற சுடோகு இல்லவே இல்லை எண்டு டப்ளினில கரி மக்குவயர் குழு 2012இல கம்பியூட்டரை ஓடவிட்டுக் காட்டிட்டுது. தந்ததில ஒன்பது இலக்கத்தில குறைஞ்சது எட்டு இலக்கம் தலைகாட்டவேணும். ரெண்டு இலக்கம் ஒரு இடத்திலயும் இல்லையெண்டால், விடையில அது ரெண்டையும் மாத்திப் போட்டாலும் சரியாத்தான் வரும். இதுகளைத் தாண்டினாலும் புதிர் சரியெண்டு ஆகாது. ஆனா இதைக்கூட ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

நம்மட ஆக்களுக்கும் ஒரு குட்டு. "நிரையைக் கூட்டிப் பார், 45 வந்தால் சரி" எண்டு கடையில ஒரு கோஷ்டி திரியுது. 1, 2, 3, 5, 5, 5, 7, 8, 9. கூட்டுங்கோ. 45 வருதா? 4உம் இல்லை, 6உம் இல்லை, 5 மூண்டு தரம் நிக்குது! 45 வராட்டிப் பிழை, அது உண்மை. வந்தால் சரி எண்டு எந்தக் கணக்கில இருக்கு? ஒன்றில இருந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொண்டாத் தேடுங்கோ, ஒன்பது நிரை, ஒன்பது நிரல், ஒன்பது பெட்டி. வேற குறுக்குவழி கிடையாது.

போனில விளையாடச் சொல்லி என்ர மருமகன் புத்தி சொல்லுறான். பிழையா ஒரு எண்ணைத் தட்டின உடன சிவப்பாக் காட்டுமாம். பேந்தென்ன, ஒன்றில இருந்து தட்டிக்கொண்டு போனால் எது சிவக்கேல்லையோ அதுதான் விடை. இதுக்குப் பெயர் சுடோகுவா?

விடை பார்க்கிறதும் பெரிய பாடு. நாளைய பேப்பர் எங்கட பக்கம் நேரத்துக்கு வந்தால்தானே. வந்தாலும் விடையை நுளம்பு முட்டையளவு எழுத்தில போடுறாங்கள், 6ஆ 8ஆ எண்டு பிடிபடாது. சில நாள் வேற புதிரின்ர விடை. அந்தக் கடதாசி பஸ் நிலையத்தடியில திரியிற மானுக்காவது பிரயோசனப்படட்டும்.

மரண அறிவித்தலில ஒரு பெயர் பிழைச்சால் அடுத்த நாளே திருத்தம் போடத் தெரியுதுதானே. அதே மாதிரி இதுக்கும் போடுங்கோ. உள்பக்கத்தில ஒளிச்சு வைக்காமல், புதிர் வாற அதே மூலையில, வாத்தியாருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியிற எழுத்தில: "நேற்றைய கட்டத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. பிழை எங்களுடையது."