மூன்று மாதம் இருந்தும் யெர்வே எல் அகுவா போகவில்லை

மெக்சிகோவில் இருக்கும் வஹாகா என்ற ஊரின் போட்டோக்களைப் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "மூணு மாசம் இருந்திருக்கீங்க, யெர்வே எல் அகுவா போட்டோ ஒண்ணுகூட இல்லையே அக்கா?" அருவி அப்படியே கல்லாகிவிட்டது போல நிற்கும் சுண்ணாம்புப் பாறை, அதன் தலையில் ஊற்றுக் குளங்கள். மெக்சிகோ வீடியோ எதைத் திறந்தாலும் வந்துவிடும். வஹாகாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போகவில்லை. சின்னவனுக்கு மூன்று வயது, மலை வளைவு என்றாலே வாந்தி.

இன்னொரு கேள்வி நம் ஊரிலிருந்து, பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து வருவது. "இந்த வயசுல கூட்டிட்டுப் போய் என்ன பிரயோஜனம், அதுங்களுக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

இரண்டு கேள்வியும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஊர் என்பது பரீட்சைக்கு முன் முடித்தாக வேண்டிய போர்ஷன் என்ற நினைப்பு. நாங்களும் அப்படித்தான் போய் இறங்கினோம். கணவருக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை. எங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அதிகபட்சம் 180 நாள் தங்கலாம், எத்தனை நாள் என்பது அங்கே முத்திரை குத்தும் அதிகாரியின் கையில். ஜனவரியில் போய் ஏப்ரலில் திரும்பினோம். பட்டியல் மட்டும் இரண்டு பக்கம்.

முதல் வாரமே மோன்தே அல்பான். கி.மு. 500 வாக்கில் சப்போதெக் மக்கள் மலையுச்சியைச் சமன்செய்து கட்டிய நகரம், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கு மேல். நடுத் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது. பெரியவள் மூன்றாவது படிக்கட்டோடு உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் ஒரு பல்லியைப் பார்த்தான், அது இடுக்குக்குள் போனதும் அழுதான், அது திரும்பி வரும்வரை நகர மாட்டேன் என்றான். 40 நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டோம். அன்று இரவு நானும் கணவரும் பட்டியலைக் காரணமாக வைத்துச் சண்டை போட்டோம். மறுநாள் அதைக் கிழித்தாயிற்று.

அதற்கப்புறம் வைத்துக்கொண்ட கணக்கு எளிது. ஒரு நாளைக்கு ஒரு நடை. முடிந்தவரை நேற்றுப் போன இடத்துக்கே.

தங்கியிருந்தது சோச்சிமில்கோ என்ற பழைய பேட்டையில். (மெக்சிகோ சிட்டியில் படகு விடுகிறார்களே, அந்த சோச்சிமில்கோ வேறு.) தெருவோரமாகவே, மேலே தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய 18ஆம் நூற்றாண்டுக் கால்வாய்ப் பாலம் ஒன்று பச்சைக் கல் வளைவுகளோடு போகிறது. வளைவுக்கு அடியில் நுழைந்தால் சந்து, சந்துக்குள் வீடு. ஒரு வளைவு விடாமல் புகுந்து வர வேண்டும் சின்னவனுக்கு. ஐந்து நிமிட நடை அரை மணி நேரம் ஆகும். குழந்தை வண்டியை எடுத்துப் போனது வீண். நடைபாதை முழங்கால் உயரத்துக்கு ஏறும், சட்டென்று அறுந்துபோகும், நடுவில் கம்பம் நிற்கும். இரண்டாம் நாளே அதை மூலையில் மடித்து வைத்துவிட்டேன். இடுப்பு வலிதான் மிச்சம்.

பக்கத்திலேயே குழந்தைகள் நூலகம் ஒன்று இருக்கிறது. இருந்த மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து கட்டியிருக்கிறார்கள். இலவசம். காலையில் அங்கே, மதியம் தூக்கம், சாயங்காலம் சோகலோ, அதாவது ஊர் நடுவில் இருக்கும் சதுக்கம்.

சோகலோவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய மரங்கள். உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'இந்திய லாரல்', பார்த்தால் நம் ஆலமரத்தின் பங்காளி. கதீட்ரல் முன்னால் நீளக் குழாய் மாதிரி பலூன் விற்பார்கள். அடியில் பிடித்து ஒரு வீசு வீசினால் ஈட்டி போல மேலே போய், மெதுவாகத் திரும்பி வரும். அவ்வளவுதான் விளையாட்டு. இரவு ஒன்பதரைக்கும் முப்பது பிள்ளைகள் அதை வீசிக்கொண்டு ஓடும், யார் பிள்ளை யார் என்று தெரியாது. தாத்தா பாட்டிகள் பெஞ்சில். வாத்தியக் கோஷ்டி ஒரு பக்கம் வாசிக்கும், சின்னவன் அதன் முன்னால் போய் ஆடுவான், யாரும் 'உஷ்' என்று சொன்னதில்லை. நாங்கள் இருக்கும் டெக்சஸில் பிள்ளைகளுக்கென்று தனி இடம், தனி நேரம், தனி மெனு. ஏழு மணிக்கு மேல் குழந்தையோடு ஹோட்டலுக்குள் போனால் பக்கத்து மேசை பார்க்கிற பார்வையே வேறு. வஹாகாவில் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பிள்ளைகளும் இருக்கும். நம் ஊரில் எங்கள் தெருவும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று. சாப்பிட்டு எழுந்து போகிறவர் முன்பின் தெரியாத அடுத்த மேசையைப் பார்த்து 'ப்ரோவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போவார். நல்லா சாப்பிடுங்க என்பது போல. பெரியவள் இரண்டே வாரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் எல்லா மேசைக்கும் சொல்லிக்கொண்டே வருவாள்.

சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. த்லாயூதா என்று அப்பளம் போல விறைப்பாக, தட்டு அளவில் ஒரு சோள ரொட்டி. அதில் முதலில் தடவுவது பன்றிக் கொழுப்பு. 'சின் அசியெந்தோ' என்று சொன்னால் தடவாமல் தருவார்கள். சோலெதாத் தேவாலயத்துக்குப் பக்கத்துத் திடலில் தீய்ந்த பாலில் ஐஸ் விற்கிறார்கள், வேண்டுமென்றே தீய்த்தது. அம்மா கேட்டால் நம்ப மாட்டாள். நூலகத்துக்கு அடுத்தபடி நாங்கள் அதிகம் போனது மீனா தெருவில் இருக்கும் சாக்லேட் மில்லுக்கு. நம் ஊர் மாவு மில்லேதான். வறுத்த கொக்கோ, பட்டை, பாதாம் மூன்றையும் தொட்டியில் கொட்டினால் கீழே பழுப்பாகக் கூழ் இறங்கும். சர்க்கரை எவ்வளவு என்பது நாம் சொல்வது. அரைக்கிறவர் சின்னவன் விரலில் சூடாக ஒரு சொட்டு வைப்பார். மாலைக்குள் தலைமுடியில் எல்லாம் அந்த வாசனை.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல். தவக்காலத்தின் நான்காம் வெள்ளி, 'சமாரித்தானா' நாள். கிணற்றடியில் இயேசுவுக்குத் தண்ணீர் கொடுத்த சமாரியப் பெண்ணின் நினைவாக, தேவாலயம், பள்ளி, கடை என்று வாசலில் பானை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். செம்பருத்தி, புளி, அரிசிப்பால். பணம் கிடையாது. சித்திரைத் திருவிழாவின் நீர்மோரும் பானகமும் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. பெரியவள் ஏழு டம்ளர் குடித்தாள். அப்புறம் கழிப்பறை தேடி ஓடிய கதை வேண்டாம்.

தண்ணீர் என்றதும், அதன் மறுபக்கம். வஹாகாவில் குழாயில் தண்ணீர் தினமும் வராது, சில பகுதிகளில் வாரக்கணக்கில் வராது. மாடியில் கறுப்புத் தொட்டி, தீர்ந்தால் லாரி. சென்னையில் 2019 பார்த்தவளுக்கு இது புதிதில்லை, ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு இருந்த நாளில், தொட்டி காலி. வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவர் பேரன் லாரிக்குப் போன் போட்டான். அந்த அம்மாளுக்கு எங்களை எப்படித் தெரியும்? அவர் வீட்டு நாயை சின்னவன் தினமும் இரண்டு தடவை நின்று தடவுவான், அப்படித்தான். நாளுக்கொரு இடம் என்று வேனில் ஓடியிருந்தால் அந்த வாளி வந்திருக்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்களைப் போல டாலரோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களால்தான் அந்த ஊர் வாடகை ஏறுகிறது. சுவரெல்லாம் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், 2024 ஜனவரியில் ஊர்வலமே போனார்கள். அவர்கள் கோபம் நியாயம். அடுத்த முறை உள்ளூர்க் குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே ஒதுக்கும் அறையைத்தான் தேடுவேன். அது போதுமா என்றால், போதாது.

முதல் நாள் இரவு நடந்ததைச் சொல்லவில்லையே. ஏழு மணிக்கு வெளியே ஒரு விசில். குக்கர் விசில் போலத்தான், ஆனால் நீளமாகக் கிளம்பி அழுவது மாதிரி இறங்கியது. "அம்மா, சாதம் ஆயிடுச்சு" என்றான் சின்னவன். எட்டிப் பார்த்தால் தள்ளுவண்டி. விறகடுப்பில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும், மேலே கெட்டிப்பால். விசில் அந்த அடுப்பின் நீராவியில் வருவது. 'கமோத்தே' வண்டி. பிறகு அந்த வண்டி வந்தால் செருப்பில்லாமல் ஓடுவான்.

திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று குக்கர் வைத்திருந்தேன். முதல் விசிலுக்கே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வெறுங்காலோடு புல்தரையில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருக்கிறான்.