ஸ்காபரோவில் வாழும் நாம் யாருடைய நிலத்தில் இருக்கிறோம்?

ரொறன்ரோ பொதுப் பாடசாலைகளில் 2016 முதல் நாள்தோறும் காலையில் நில ஒப்புகை, அதாவது இந்த நிலம் கனடாவின் எந்த முதற்குடி மக்களுடையது என்பதை ஏற்றுச் சொல்லும் வாசகம், வாசிக்கப்படுகிறது. அனிஷ்னாபே, ஹோடனோஷோனி, வென்டாட் என்று அதில் வரும் பெயர்களை என் மகள் மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் சென்ற மாதம் அவள், "அப்பா, இவர்கள் எல்லோரும் செத்துப் போய்விட்டார்களா?" என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், ஸ்கியூகொக் தீவில், அனிஷ்னாபே இனத்தவரான மிசிசாகா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

இந்த வாசகம் பிள்ளைகளுக்குக் குற்றவுணர்வை ஊட்டுகிறது, ஆகவே அதை நிறுத்த வேண்டும் என்று நம்மவர்களிலும் சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சிறு பிள்ளைகளால் இந்த வரலாற்றைத் தாங்க முடியாது என்பவர்கள், பிலிஸ் வெப்ஸ்ராட் என்ற முதற்குடிப் பெண் 1973இல், முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைக்குள் நுழைந்த அன்றே பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையைப் பறிகொடுத்தபோது அவருக்கு ஆறு வயதுதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததை, அதே வயதுப் பிள்ளை தக்க சொற்களில் கேட்டு அறியலாம்.

என் கவலை வேறு. விளக்கம் இல்லாமல் நாள்தோறும் வாசிக்கப்படும் பெயர்கள் வெறும் ஒலியாகத் தேய்ந்துவிடுகின்றன. ஸ்காபரோ, முதற்குடி மக்களின் நிலத்தை அரசு பெற்றுக்கொண்ட 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைக்குள் வரும் நிலம். அதன் பெயரால் ஏழு முதற்குடிச் சமூகங்கள் தங்கள் வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் இழந்தன. கனடா, ஒன்ராறியோ அரசுகள் அந்த உரிமைகளை ஏற்று, 110 கோடி டொலர் இழப்பீட்டுக்கு இணங்கி, மன்னிப்பும் கேட்டது 2018இல்தான். இதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த என் அப்பா, காணி உறுதியைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கடைசிவரை வைத்திருந்தார். நிலத்தை இழந்தவருக்கு அந்தக் காணியின் பெயரைப் பிறர் சொல்லக் கேட்பதே ஒரு பெரிய ஆறுதல் என்பதை அவரிடம் கண்டிருக்கிறேன். ஆனால் பெயரைச் சொல்லிவிட்டு அத்தோடு விட்டிருந்தால், அவருக்கு அது வலியாகத்தான் இருந்திருக்கும்.

போன சனிக்கிழமை மகளை லோரன்ஸ், பெலமி சந்திப்பு அருகிலுள்ள டேபர் ஹில் என்ற புதைமேட்டுப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். 1956இல் மண் அகழ்ந்தபோது, வென்டாட் மக்களின் முன்னோர் ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் அங்கே வெளிப்பட்டன. அவள் அந்த மேட்டின் மேல் ஏறாமல், அடிவாரத்திலேயே நெடுநேரம் நின்றாள். வரும் பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: காலை வாசகம் அப்படியே இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் பிள்ளைகளை வகுப்போடு அந்த மேட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.