வேலி போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

நம்ம ஊர்த் திடலை வாங்கிய வெளியூர்க்காரர், வயலுக்குப் போகிற பாதையை அடைத்துக் கம்பி வேலி போட்ட விவகாரம் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும், மறுபடி முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. ஊர் வாட்ஸப் குழுவில் ஒருவர் "அவர் பட்டா, அவர் வேலி, உங்களுக்கு எங்கே எரியுது?" என்று போட்டிருந்தாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

எரிகிறதுதான். சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, அறுவடை மிஷின் ரோட்டிலேயே நிற்கிறது, நடுவில் புத்தம்புது சிமெண்ட் போஸ்ட்டும் முள்கம்பியும். உள்ளே நிலம் வைத்திருப்பவர்கள் நெல்லை ஹெலிகாப்டரிலா ஏற்றுவார்கள்?

வேலி போடுவதை யாரும் தடுக்கவில்லை. தன் எல்லைக்குள் தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லை எது என்று முதலில் அளக்க வேண்டாமா? பணம் கட்டி மனு கொடுத்தால் சர்வேயர் வந்து எஃப்.எம்.பி. என்கிற நில அளவு வரைபடத்தை வைத்து அளந்து கல்லைக் காட்டிவிட்டுப் போவார். அளக்காமலே வாய்க்கால் கரை வரைக்கும் குழி தோண்டியாயிற்று. கரை புறம்போக்காக இருந்தால் அது ஆக்கிரமிப்பு, 1905-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. சரி, பாதை முழுக்கப் பட்டாவுக்குள்ளேயே ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம் இருக்கிறது, அடுத்தவர் நிலத்தில் வழி மாதிரி நமக்குள்ள அனுபவ உரிமையைச் சொல்வது. 20 வருஷம் தடையில்லாமல், எல்லோரும் பார்க்க, உரிமையோடு நடந்த வழியை நினைத்த மாத்திரத்தில் அடைக்க முடியாது. பட்டா இருக்கிறது என்பதற்காக எதையும் அடைத்துவிடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"ஆடு மாடு மேயுதே, அவர் என்ன செய்வார்?" மேய்கிறதுதான், மறுக்கவில்லை. அதற்கு ஒரு கேட் வைத்தால் போதும், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் போதும்.

"சட்டம் பேசுறவன் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே?" போகலாம், வழி அடைபட்ட இரண்டு வருஷத்துக்குள் போயாகவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த 20 வருஷக் கணக்கே செல்லாது. ஆனால் வாய்தா முடிகிற வரை கதிர் நிற்காது சார், வயலிலேயே முளைத்துவிடும்.

அப்புறம், "உன் நிலம் உள்ளே இருக்கு, அதான் கத்துற." ஆமாம், எங்கள் மூன்று மா நிலமும் உள்ளேதான் இருக்கிறது. அதனால் நான் பேசக் கூடாதா?

அந்தத் திடல் முன்பு யாருடையது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, ரோட்டுப் பக்கம் மட்டும் தலையில் கதிர்க்கட்டோடு ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. போத்து வளர்ந்து அடைத்துக்கொண்டால் அறுப்புக்கு முன்னால் அவரே அரிவாளை எடுத்து வந்து கழித்துவிடுவார். அப்பாவும் சும்மா போகமாட்டார். ஒவ்வொரு அறுப்புக்கும் அவர் வாசலில் போய் நின்று, "அண்ணே, கட்டு உங்க திடல் வழியா வரட்டுமா?" என்பார். "இதையெல்லாமாடா கேப்பே, போடா" என்று அவர் விரட்டுவார். மிஷின் வந்த பிறகு வரப்பை வெட்டிப் பாதையை அகலமாக்கி விட்டதும் அவர்தான்.

இதை ஒரு வக்கீலிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "அங்கேதான் சிக்கல். கேட்டுக் கேட்டு நடந்திருக்கீங்க, அது அனுமதி. எத்தனை வருஷம் ஆனாலும் உரிமையாகாது. கேட்காம நடந்திருந்தா கேஸ் நிக்கும்" என்கிறார். அதாவது, அப்பா கொஞ்சம் திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் எங்களுக்கு இன்றைக்கு வழி இருந்திருக்கும். நல்ல சட்டம்!

உண்மையில் வாங்கியவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. வெளியூர்க்காரர், புரோக்கர் காட்டியதை வாங்கினார். விற்றவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள், அந்தப் பழைய திடல்காரரின் மக்கள். அந்த இடைவெளி வழியாக என்னோடு ஓடி விளையாடியவர்கள். அவர்களே அந்தப் பதிவுக்குக் கீழே கைதட்டுகிறார்கள், "திருப்பூரில் உட்கார்ந்துகிட்டு ஊர் நியாயம் பேசாதே" என்று எனக்கு அறிவுரை வேறு. விற்றுவிட்டுப் போனவர்களுக்கு இருக்கிற வாய், விற்காமல் குத்தகைக்கு விட்டு வைத்திருப்பவனுக்கு இருக்கக் கூடாதாம்.

விற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தா வாங்கிய பத்திரத்தில் செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தைப் பாருங்கள். கிழக்கே "மாமூல் வண்டிப்பாதை", அதாவது வழக்கமாக வண்டி போகிற பாதை என்று எழுதியிருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மனசில்லை என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள், திங்கள்கிழமை பத்திரப் பதிவு ஆபீஸில் நகலுக்கு மனு போட்டுக்கொள்கிறேன்.